தலைக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு? கப்பல் சுற்றுலா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மே மாதம் நெருங்கினால் சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் பக்கத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் சுற்ற ஆரம்பிக்கின்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல், இரண்டு இரவு, தலைக்கு இவ்வளவு ரூபாய் மட்டும். பார்த்தவர்களில் பாதிப் பேர் “அதெல்லாம் நமக்கு எட்டாது” என்று தள்ளிவிடுகிறார்கள். மீதிப் பேர் அந்தத் தொகையை வீட்டு ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்து, “முடியும்போல இருக்கே” என்று முன்பணம் கட்டிவிடுகிறார்கள். இரண்டு கணக்கும் தப்பு. மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பம் திட்டமிட்டால் கப்பலில் போய்வர முடியும். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு திட்டமிட முடியாது.

“கப்பல் பயணம் பணக்காரர்களுக்கு”

இது அண்மையில் வந்த நம்பிக்கை. நம் தாத்தா காலத்தில் கப்பலில் போனவர்களில் பெரும்பாலானோர் கையில் காசில்லாதவர்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய ‘ராஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு மலாயாவுக்குப் போன தமிழர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு சென்னை–சிங்கப்பூர் கப்பல் போக்குவரத்து முடிந்தது. எழும்பூரில் கிளம்பி தாம்பரம் வழியாகத் தனுஷ்கோடி வரை போன போட் மெயிலையும் இந்த ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் புயல் அந்தப் பாதையைக் கொண்டுபோய்விட்டது.

விமானம் வந்து கப்பலின் வேலையை எடுத்துக்கொண்டதால், கப்பல் என்றாலே சொகுசு என்ற எண்ணம் மிஞ்சியது. இப்போது சென்னையில் அந்தச் சொகுசுக் கப்பலும் கிடைக்கிறது. 2022 ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல், 1990-இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகப் பிரான்சில் கட்டி முடிக்கப்பட்டது. 211 மீட்டர் நீளம், நீச்சல் குளம், நாடக அரங்கு, பல உணவகங்கள் எல்லாம் உண்டு. புதுக் கப்பல் கிடையாது, ஆனால் முறையாகப் பராமரித்தால் கப்பலுக்கு வயது ஒரு குறை ஆகாது. பழைய, நடுத்தர அளவுக் கப்பலாக இருப்பதால்தான் கட்டணம் நம் பக்கம் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

“தலைக்கு இவ்வளவு என்றால் நான்கு பேருக்கு நான்கு மடங்கு”

அதிகக் குடும்பங்கள் சறுக்கும் இடம் இதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கப்பல் கட்டணம் எப்போதும் ஒரு கேபினை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதாக வைத்துப் போடப்படுகிறது. முதல் இரண்டு பேர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். ஒருவர் மட்டும் ஒரு கேபினை எடுத்தால், காலியாக இருக்கும் படுக்கைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். பல நிறுவனங்களில் அது ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் வரை போகும்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்று ஐந்து பேர் உள்ள ஒரு தாம்பரம் வீட்டை எடுத்துக்கொள்வோம். சாதாரண கேபினில் நான்கு பேருக்கு மேல் இடம் கிடையாது, ஆக இரண்டு கேபின் வேண்டும். நம் வழக்கப்படி யோசித்தால் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு கேபின், பாட்டிக்குத் தனிக் கேபின். கணக்குப் புரிவதற்காக முழுக் கட்டணம் 25,000 ரூபாய், மூன்றாவது நான்காவது ஆளுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள், எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் இல்லை. நால்வர் கேபினுக்கு 80,000, பாட்டியின் தனிக் கேபினுக்கு 50,000, மொத்தம் 1,30,000. அதையே பாட்டியும் பேத்தியும் ஒரு கேபின், மற்ற மூவர் ஒரு கேபின் என்று மாற்றினால் 50,000 கூட்டல் 65,000, மொத்தம் 1,15,000. யார் யாரோடு படுப்பது என்பதை மாற்றியதில் மட்டும் 15,000 ரூபாய் மிச்சம். பாட்டிக்குப் பேத்தி துணையாகவும் இருப்பாள். இந்தக் கணக்கை முகவர் தானாகப் போட்டுக் காட்டுவார் என்று காத்திருக்காதீர்கள், கேட்டு வாங்குங்கள்.

இதோடு முடியவில்லை. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், பணியாளர்களுக்கான கிராட்யுட்டி, ஜிஎஸ்டி எல்லாம் தனி. இவற்றில் பல, தலைக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி விழும். “குழந்தைகளுக்கு இலவசம்” என்ற சலுகையிலும் பெரும்பாலும் கேபின் கட்டணம்தான் இலவசம். துறைமுகக் கட்டணமும் வரியும் குழந்தைக்கும் உண்டு. தலைக்கு 6,000 என்று வைத்தால் ஐந்து பேருக்கு 30,000. கப்பலில் ஏறிய பிறகு வைஃபை, குளிர்பானம், சிறப்பு உணவகம், கப்பலில் எடுக்கும் படங்கள், கரையில் சுற்றிக்காட்டும் வண்டி என்று இன்னும் 15,000 போகும். 1,15,000-இல் தொடங்கியது 1,60,000-இல் வந்து நிற்கிறது.

இந்தத் தொகையை ஆட்களாலும் இரவுகளாலும் வகுத்துப் பாருங்கள். ஐந்து பேர், இரண்டு இரவு என்றால் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 16,000 ரூபாய். கப்பலை மகாபலிபுரம் விடுதியோடும் ஊட்டிப் பயணத்தோடும் ஒப்பிட இந்த ஓர் எண்தான் உதவும். உணவும் தங்கலும் கலை நிகழ்ச்சியும் அதற்குள் அடக்கம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இரவுப் பயணத்தின் மொத்தத் தொகை மிரட்டினாலும், இரவுக் கணக்கில் சில நேரம் இரண்டு இரவுப் பயணத்தைவிடக் குறைவாக வரும். அதே சமயம் கையில் இருப்பது மொத்தமே ஒரு லட்சம் என்றால் இரவுக் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. கடன் அட்டையில் தவணை போட்டுக் கப்பலேறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

“சென்னையில் எப்போது வேண்டுமானாலும் கப்பல் உண்டு”

இல்லை. கப்பல் பருவக்காற்றைப் பார்த்து இடம் மாறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும், அப்போது மும்பையிலிருந்து ஓட்டுவது சிரமம். அந்த மாதங்களில்தான் கப்பலை இந்தப் பக்கம் கொண்டுவருகிறார்கள். 2022-லும் 2023-லும் ஜூனில் சென்னைப் பயணங்கள் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடல் புயல்களும் வரும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மேற்குக் கரை அமைதியாக இருக்கும், கப்பலும் அங்கே போய்விடும். மிச்சாங் புயலில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய 2023 டிசம்பரை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில், சென்னைக் கப்பல் வருவதோ பள்ளி திறக்கிற ஜூனில். ஜூன் முதல் வாரத்தைப் பிடிக்க எல்லோரும் போட்டி போடுவதால் விலையும் ஏறும். பிள்ளைகள் பள்ளிப் பருவத்தைத் தாண்டிய வீடுகளும் ஓய்வு பெற்ற தம்பதிகளும் ஜூலை, ஆகஸ்டில் வார நாளில் கிளம்பும் பயணத்தைப் பார்க்கலாம், கட்டணம் தணிந்திருக்க வாய்ப்பு அதிகம். அரையாண்டு விடுமுறையில்தான் போக முடியும் என்றால் சென்னையை விட்டுவிட்டுக் கொச்சியைப் பாருங்கள். சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். லட்சத்தீவு நிர்வாகத்தின் ‘சமுத்ரம்’ என்ற பயணத் திட்டமும் கொச்சியிலிருந்துதான். எம்.வி. கவரத்தி கப்பலில் இரவு தங்கி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்கிப் பார்ப்பது. தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

“அட்டவணையில் போட்ட ஊருக்கெல்லாம் கப்பல் போகும்”

2022 ஜூனில் நடந்ததைச் சொன்னாலே போதும். சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி, மீண்டும் சென்னை என்று அறிவித்துக் கிளம்பிய அதே எம்பிரஸ் கப்பலுக்கு, புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்ட வசதி இருப்பதைக் காட்டி அங்கே எதிர்ப்பு எழுந்தது. ஊர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தும் பயணிகள் அங்கே இறங்க முடியவில்லை.

நாம் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் வானிலை, துறைமுக அனுமதி, பாதுகாப்பு ஆகிய காரணங்களால் பாதையை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கும். அநேகமாக எல்லாக் கப்பல் நிறுவனங்களிலும் இந்த வாசகம் உண்டு. இறங்காத துறைமுகத்தின் கட்டணம் திரும்பி வரலாம், பயணக் கட்டணம் வராது. ஆகவே ஒரு குறிப்பிட்ட ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் கப்பல் பயணம் எடுக்காதீர்கள். புதுச்சேரிதான் ஆசை என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம்.

2023 ஜூன் 5-ஆம் தேதி மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் சென்னையிலிருந்து தொடங்கிவைத்த இலங்கைப் பயணத்துக்கும் இது பொருந்தும். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அந்தப் பாதை போடப்பட்டது. காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலுக்குப் போக வேண்டும் என்ற ஆசையோடு கிளம்புகிறவர்கள் நம்மிடையே நிறைய இருப்பார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த ஆசைக்கு வேறு வழியும் உண்டு, கடைசியில் வருகிறேன்.

“கடைசி நிமிடத்தில் எடுத்தால் சல்லிசு”

இதில் பாதி உண்மை. நிரம்பாத கேபின்களைக் கடைசி வாரங்களில் விலை குறைத்து விற்பது வழக்கம்தான். உள்ளூர்ப் பயணம், இரண்டே பேர், எந்தக் கேபின் கிடைத்தாலும் சரி என்பவர்களுக்கு அது லாபம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நேர் எதிராகும். மேலிருந்து இறக்கும் மூன்றாவது நான்காவது படுக்கை உள்ள கேபின்கள் ஒரு கப்பலில் குறைவு, அவைதான் முதலில் தீரும். உயிர்காப்புப் படகுகளின் இடத்தைப் பொறுத்தும் எத்தனை பேரை ஏற்றலாம் என்று வரம்பு உண்டு, அதனால் படுக்கை காலியாக இருந்தும் மூன்றாவது ஆளை மறுப்பதுண்டு. மூன்று நான்கு பேர் கேபின் வேண்டுமென்றால் ஐந்தாறு மாதம் முன்னால் எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் ரத்து விதியைப் படியுங்கள். பயண நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறி, கடைசி நாட்களில் ஒரு பைசாவும் திரும்பாது.

ஜன்னல் இல்லாத உள் கேபினில் மூச்சு முட்டும் என்ற பயமும் தேவையற்றது. கேபின் எதுவானாலும் சாப்பாடு, நீச்சல் குளம், நிகழ்ச்சி எல்லோருக்கும் ஒன்றுதான். பகல் முழுக்க மேல்தளத்தில் இருந்துவிட்டுத் தூங்க மட்டும் வருகிற இடத்துக்குப் பால்கனிப் பணம் எதற்கு? கடல் குமட்டலுக்குப் பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேபின் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. பெரும்பாலும் விலையும் அங்கேதான் குறைவு. முட்டிவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் மின்தூக்கிக்கு அருகில் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

“அந்தமான் கப்பலே மலிவான குரூஸ்”

இப்படி நினைத்துக் கிளம்பி நொந்துபோனவர்கள் உண்டு. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் ‘நான்கவுரி’, ‘ஸ்வராஜ் தீப்’ போன்றவை பயணிகள் கப்பல்கள். தீவு மக்களுக்கு அவை வாழ்வாதாரம், அவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டரைக் கடக்க 60 மணி நேரத்துக்கு மேலாகும். பங்க் எனப்படும் அடுக்குப் படுக்கையிலிருந்து டீலக்ஸ் கேபின் வரை வகுப்புகள் இருக்கின்றன. சாப்பாட்டுக்குத் தனிப் பணம். கேளிக்கையும் நீச்சல் குளமும் எதிர்பார்க்கக் கூடாது. பயணத் தேதிகளையும் பல மாதம் முன்னதாகச் சொல்ல மாட்டார்கள், சொன்ன தேதியும் தள்ளிப் போகலாம். திரும்புவதற்கு அடுத்த நாளே விமானச் சீட்டு எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கப்பலில் ஏறக் கூடாது. நாள் கணக்குப் பார்க்காதவர்கள், கடலைக் கடலாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு வழி கப்பல், ஒரு வழி விமானம் என்று போய்வரலாம். அவர்களுக்கு இதைவிட நல்ல பயணம் கிடையாது என்பது என் கருத்து.

“சிங்கப்பூர் கப்பல் நம் கப்பலைவிட மலிவு”

கப்பல் கட்டணத்தை மட்டும் பார்த்தால் சில நாட்களில் அப்படித் தெரியும். ‘ஜெண்டிங் ட்ரீம்’ போன்ற பெரிய கப்பல்கள் மரினா பேயிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று போய்வருகின்றன. தாம்பரம்காரர்களுக்கு விமான நிலையம் திரிசூலத்தில், பக்கத்திலேயே இருப்பதும் ஒரு கவர்ச்சி. ஆனால் விமானக் கட்டணம், ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கும் செலவு, விசா எல்லாவற்றையும் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது, அந்த ஒரு நாள் இடைவெளியை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

விசாவில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. சிங்கப்பூரில் இறங்குவது ஒரு நுழைவு. கப்பல் மலேசியா போய்த் திரும்பும்போது மறுபடி இறங்குவது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசாவோடு கப்பலேற விடமாட்டார்கள். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பயண மாதத்தில் மறுபடி பாருங்கள், இவை அடிக்கடி மாறுகின்றன. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுத் தொகுப்பு வாங்கும்போது முகவர் டிசிஎஸ் வரி பிடிப்பார். 2023 அக்டோபரில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதமாக உயர்ந்த இந்த வரி, பின்வந்த பட்ஜெட்டுகளில் தளர்த்தப்பட்டது. இது போய்விடும் பணம் இல்லை. பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் 26ஏஎஸ் படிவத்தில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ரொக்கமாகக் கொடுத்தால் டிசிஎஸ் வேண்டாம் என்று சொல்லும் முகவரிடம் பணமே கொடுக்காதீர்கள். ரசீதும் முன்பதிவு எண்ணும் உங்கள் பெயரில் வர வேண்டும். அந்த எண்ணைக் கப்பல் நிறுவனத்திடம் நேரடியாகச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு மீதித் தொகையைக் கட்டுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. சைவச் சாப்பாடு கிடைக்காது என்ற பயம் நம் ஊர்க் கப்பலுக்குப் பொருந்தாது. ஜைன உணவு வரை உண்டு. கெட்டில், இஸ்திரிப் பெட்டியைப் பையில் வைக்காதீர்கள், தீ அபாயத்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். பொதுவாக 24 வாரத்தைத் தொட்ட கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் ஏற்ற மாட்டார்கள். கரை மறைந்ததும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் அது தானாகத் தொற்றிக்கொண்டால், ரோமிங் கட்டணம் ஒரு கேபின் விலையை நினைவுபடுத்தும். கிளம்பும் நாளில் ஜிஎஸ்டி சாலையை நம்ப வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை நிலையம், எதிரே ராஜாஜி சாலையைத் தாண்டினால் துறைமுகம். எந்த வாயிலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பயணச்சீட்டில் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து ஒரு ஆட்டோ போதும்.

இவ்வளவும் கூட்டிப் பார்த்து வீட்டுக் கணக்குத் தாங்காது என்று தெரிந்தால், கடலை விட்டுவிட வேண்டியதில்லை. கொச்சியில் கேரள அரசு நிறுவனம் நடத்தும் ‘நெஃபர்டிட்டி’ கப்பல் 200 பேரை ஏற்றிக்கொண்டு சில மணி நேரம் கடலுக்குள் போய்த் திரும்புகிறது. கப்பல் அனுபவம் பிடிக்குமா, வயிறு தாங்குமா என்று சோதித்துப் பார்க்க நல்ல இடம். யாழ்ப்பாணம்தான் ஆசை என்றால் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகு இருக்கிறது. 2023 அக்டோபர் 14-இல் ‘செரியபாணி’ ஓடத் தொடங்கியபோது ஒரு வழிக் கட்டணம் 7,670 ரூபாய், அது சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் தனியார் நிறுவனத்தின் ‘சிவகங்கை’ படகோடு சேவை மறுபடி தொடங்கியது. ஏறக்குறைய 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். பாஸ்போர்ட் கட்டாயம், இலங்கை நுழைவு விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சேவை நின்றுபோவதுண்டு, அதனால் மாசி, பங்குனியை ஒட்டித் திட்டமிடுவது நல்லது. தாம்பரத்தில் நிற்கும் காரைக்கால் விரைவு ரயில் நாகப்பட்டினம் வழியாகத்தான் போகிறது. கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்தும் உண்டு. காலையில் படகு என்பதால் முந்தின இரவே நாகையில் போய்த் தங்கிவிடுங்கள்.